பெஞ்சுக்கு ஒரு துளை

போன மாதம் உங்களில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்து காட்டினீர்கள். நம் ஆபீஸில் பெட்டி பெட்டியாகக் கிடந்த பேட்டிகளை எல்லாம் அதற்குள் போட்டுவிட்டீர்களாம். ஒரு சொல்லைத் தட்டினால் அது எங்கெங்கே வருகிறது என்று மஞ்சள் பூசிக் காட்டுகிறது. எந்தக் காரணத்தை எத்தனை பேர் சொன்னார்கள் என்று படம் போடுகிறது. “மாமி, உங்க காலத்துல இதெல்லாம் எப்படிப் பண்ணினீங்க?” என்று கேட்டீர்கள். காபி ஆறிக்கொண்டிருந்தது, “கையாலதான்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பாதி பதில்தான். மீதியை எழுதியே கொடுத்துவிடுகிறேன். எழுதினால் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள் என்ற சௌகரியமும் இருக்கிறது.

அறுபதுகளின் நடுவில் நான் இந்த வேலைக்கு வந்தேன். பம்பாய் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். பூர்வீகம் பாலக்காடு என்பார்கள்; வீட்டில் பேசும் பாஷையைத் தவிர பாலக்காட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என்னோடு டைப்பிங் படித்தவர்கள் எல்லாம் கோட்டைப் பக்கத்து ஆபீஸ்களுக்குப் போனார்கள். நான் குர்லாவில் வண்டி மாறிச் செம்பூருக்குப் போனேன். அங்கே ஒரு வாடகை பங்களாவின் மாடியில் சமூகப் பணி ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று இருந்தது. எனக்கு வேலை, மற்றவர்கள் எடுத்து வரும் பேட்டிகளைப் படித்து அட்டையாக்குவது.

அந்த அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தபால் கார்டைவிடக் கொஞ்சம் பெரியது. நான்கு ஓரத்திலும் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள். ஒவ்வொரு துளைக்கும் ஒரு விஷயம். பேட்டியில் அந்த விஷயம் வந்தால், துளைக்கும் விளிம்புக்கும் நடுவே இருக்கும் துண்டைக் கத்தரித்து எடுத்துவிடுவோம். ஒரு பேட்டிக்கு ஓர் அட்டை. எல்லா அட்டைகளையும் ஒன்றாக அடுக்கி, வேண்டிய துளை வழியாகப் பின்னல் ஊசி ஒன்றைச் செருகித் தூக்கி உதறினால், அந்த விஷயத்தைச் சொன்னவர்களின் அட்டை மட்டும் கீழே விழும். மற்றவை ஊசியிலேயே தொங்கும். கம்பளி பின்னத் தேவையே இல்லாத பம்பாயில் அந்த ஊசிக்காக மாட்டுங்கா மார்க்கெட்டில் நான் கடை கடையாக ஏறி இறங்கினேன். முதல் தடவை அட்டைகள் விழுந்தபோது கைதட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணினியைப் பார்த்து நீங்கள் அடைகிற பெருமை எனக்குப் புதிதல்ல.

எங்கள் பிரிவின் தலைவர் மராட்டிக்காரர். எல்லோரும் சாஹேப் என்றுதான் கூப்பிடுவோம். மூக்கின் மேல் கோபம். என்னிடம் ஆங்கிலத்திலும் கோபம் வந்தால் ஹிந்தியிலும் பேசுவார். இங்கே அவர் பேச்சை எல்லாம் தமிழிலேயே எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் சாதுவாகத் தெரிவார்.

ஒரு தர்ம ஸ்தாபனம் எங்களிடம் ஒரு கேள்வியோடு வந்தது. தாராவியில் தமிழர்கள் இருக்கும் ஒரு சந்தில் அவர்கள் பிரசவ ரூம் ஒன்று நடத்தினார்கள். நல்ல கைராசிக்கார நர்ஸ் ஒருத்தி, மருந்து, சுத்தமான கட்டில், எல்லாம் இருந்தது. கர்ப்பிணிகள்தான் வரவில்லை. ஏன் என்று விசாரித்துச் சொன்னால், ரூமை வைத்துக்கொள்வதா, மூடிவிட்டு நர்ஸை வேறு பேட்டைக்கு அனுப்புவதா என்று அவர்கள் கமிட்டி முடிவு செய்யும்.

பேட்டி எடுக்கப் போனவள் ஞானம்மா. திருநெல்வேலிக்காரி, தாராவியிலேயே குடியிருந்தவள். அந்தச் சந்தில் தோல் பட்டறைக்காரர்களின் குடும்பங்கள், தெற்கு ஜில்லாவிலிருந்து வந்த முஸ்லிம்களும் இந்துக்களும், எல்லோர் வீட்டுக்குள்ளும் அவளால் போக முடிந்தது. அவள் எழுதி வந்த நோட்டுப் புத்தகங்கள் ஒரு மர அலமாரியை நிறைத்தன. எனக்கோ அவள் நோட்டைப் பார்த்தாலே எரிச்சல் வரும். ஒரு கேள்விக்கு மூன்று பக்கம் எழுதுவாள்.

“ஏன் ஞானம்மா, இவ்வளவு நீளமா எழுதறே? காரணத்தை மட்டும் எழுதினாப் போறாதா?”

“அவுக சொன்னதை எழுதுதேன்க்கா. எது காரணம்னு நீங்க பாத்துக்கிடுங்க.”

“‘டீ வந்தது, டீ குடித்தேன்.’ இதுவும் அவா சொன்னதா?”

“டீ வந்துச்சுல்லா? அதான் எழுதுனேன்.”

எல்லா நோட்டிலும் பாதி வழியில் அந்த வரி இருக்கும். டீ வந்தது. நான் சிவப்புப் பென்சிலால் அதை அடித்து, பக்கத்தில் ‘தேவையில்லை’ என்று எழுதி வைப்பேன். என் எழுத்தும் அழகாக இருக்கும்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். ‘ஏன் வருவதில்லை’ என்ற கேள்விக்கு அட்டையில் நான்கைந்து துளைகளைத்தான் ஒதுக்கியிருந்தோம். வழக்கமும் நம்பிக்கையும் ஒரு துளை, தூரம் ஒரு துளை, வீட்டாரின் மறுப்பு ஒரு துளை, இப்படி. ஒரு பெண் மூன்று காரணம் சொன்னால் மூன்றையும் வெட்டுவதா? நான் ஒரு விதி போட்டேன். ஒருவருக்கு ஒரே காரணம்தான், அதுவும் முதலில் சொன்ன காரணம். முதலில் வாயில் வருவதுதான் மனதில் இருப்பது என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் விளக்கமும் எழுதினேன். படிக்க மிகவும் கௌரவமாக இருந்தது. சாஹேப் கையெழுத்துப் போட்டார்.

அந்த விதி எங்கள் வீட்டுக்குப் பொருந்தும். மாட்டுங்காவில் எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில், சாம்பாரில் உப்பு குறைச்சல் என்பதைத்தான் அப்பா முதலில் சொல்வார். நன்றாக இருக்கிறது என்பதைக் கடைசிவரை சொல்லவே மாட்டார். உலகமே அப்படித்தான் பேசும் என்று நான் நினைத்திருந்தேன்.

ஊசியைச் செருகித் தூக்கியதும் பொத்தென்று விழுந்தது வழக்கமும் நம்பிக்கையும்தான். ‘எங்க ஆத்தா காலத்துலேர்ந்து வீட்டுலதான்’, ‘எங்களுக்கு என்ன தெரியும், படிக்காதவுக’, ‘ஊர்ப் பழக்கம் விடமாட்டேங்குது.’ கையில் நிற்காத அளவுக்குப் பெரிய கட்டு. அறிக்கை எழுதியாயிற்று. நகல் எடுக்க ஸ்டென்ஸில் வெட்டியாயிற்று. திங்கட்கிழமை கமிட்டி. அந்தப் பெண்களின் பழக்கத்தை மாற்ற வருஷங்கள் ஆகும், ஆகவே ரூமை வேறு பேட்டைக்கு மாற்றலாம் என்பது அறிக்கையின் சாரம்.

அதற்கு முந்தின வியாழக்கிழமை ஞானம்மா என் மேஜைக்கு வந்து நின்றாள். “நாலு மாசமா அவுககிட்ட கேட்டுக்கிட்டே இருந்தோம். என்னத்தை எழுதியிருக்கீங்கன்னு இப்பம் அவுக கேக்காவ. இங்கிலீஷ்ல இருக்குன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? ஒரு பக்கம் தமிழ்ல எழுதி வாசிச்சுக் காட்டுங்கக்கா.”

அந்த நாளில் அது யாரும் செய்யாத காரியம். ஏழைகளைப் பற்றி எழுதுவோம், அதை ஏழைகளிடம் காட்டும் வழக்கம் கிடையாது. நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் பெரிய மனது இல்லை. என் தமிழ் நடையைப் பற்றி எனக்கு ஒரு கர்வம் இருந்தது, அதைக் கேட்க ஆள் கிடைத்தது. அவ்வளவுதான்.

மத்தியானம், ஆண்கள் பட்டறைக்குப் போயிருந்த நேரம், மைமூன் என்ற பெண்ணின் வீட்டு மாடியில் கூடினோம். ஏணி மாதிரிப் படி. கீழே தோல் அடுக்கியிருந்த நாற்றம் மேலே வரை வந்தது. பத்துப் பதினைந்து பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மைமூனுக்கு இருபது வயது இருக்கலாம், வயிறு நன்றாகத் தெரிந்தது. நான் வாசித்தேன். ‘இப்பகுதிப் பெண்கள் பிரசவத்தை இல்லத்திலேயே நிகழ்த்துவதை மரபாகக் கருதுகின்றனர்’ என்று ஆரம்பித்தது. முடித்ததும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

“ரொம்ப நல்லா எழுதியிருக்கீக டீச்சரம்மா” என்றாள் மைமூன். “ரேடியோவுல வாசிக்காப்புல இருக்கு.”

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் போட்டு எழுந்தேன். ஞானம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “இருங்கக்கா. டீ வரட்டும்.”

டீ வந்தது. குடித்தோம். பிறகு மைமூன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“பொறவு சொன்னதையெல்லாம் எங்க, டீச்சரம்மா?”

“எதை?”

“இதுல இருக்கதும் நாங்க சொன்னதுதான். இல்லேங்கல. வீடு தேடி வந்தவுககிட்ட, உங்க ரூமு சரியில்லன்னு எடுத்த எடுப்புல சொல்லுவமா? மொதல்ல நம்ம மேலயே குத்தத்தைப் போட்டுக்கிடுதது. அது ஒரு மருவாதி. டீ குடிச்ச பொறவுதான விசயத்தைச் சொன்னோம். அது ஒண்ணையும் காங்கலியே.”

“என்ன விஷயம்?”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் மைமூன்தான் சொன்னாள். “பெஞ்சு.”

அந்த ரூமுக்கு வெளியே, சந்தைப் பார்த்தபடி ஒரு மரப் பெஞ்சு போட்டிருந்தார்கள். மாதாமாதம் பரிசோதனைக்கு வருகிறவர்கள் நர்ஸ் கூப்பிடும்வரை அதில்தான் காத்திருக்க வேண்டும். “நேர் எதுத்தாப்புல டீக்கடை. பட்டறை ஆம்பளைய அம்புட்டு பேரும் அங்கதான் நிக்காவ. எங்க வீட்டுக்காரருக்கு மாமன் முறை, மச்சான் முறை உள்ளவுக. அவுக கண்ணு முன்னால வயித்தைத் தள்ளிக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருக்க முடியுமா? நீங்க உக்காருவீகளா?”

நான் உட்கார மாட்டேன். மாட்டுங்காவில் நிறைமாதக்காரி ஒருத்தியைத் தெருவைப் பார்க்க உட்கார வைத்தால் அம்மா ஊரைக் கூட்டியிருப்பாள்.

“அப்போ அந்த ரூம் வேண்டாமா?” என்று கேட்டேன்.

“யாரு சொன்னா?” மைமூன் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். “மொதப் பிள்ளை வீட்டுலதான் பொறந்துச்சு. தங்கல. இதை அந்த சிஸ்டர் கையிலதான் எடுக்கணும்னு இருக்கேன். ரூமு இருக்கணும் டீச்சரம்மா. ஆனா அந்தப் பெஞ்சுல நான் உக்கார மாட்டேன்.”

“இதை முதல்லயே...”

“பெஞ்சைக் குடுத்தவுக வீட்டுப் பேரு அதுல எழுதியிருக்கு. தர்மத்துக்குக் குடுத்த பொருளைக் குறை சொன்னா அவுக மனசு நோவும்லா?” பிறகு சாதாரணமாக, கோபமே இல்லாமல் கேட்டாள். “உங்க பேப்பரை வச்சு ரூமை மூடிருவாவளோ?”

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். படியில் இறங்கும்போது எனக்கு முகமெல்லாம் எரிந்தது. தன் நோட்டில் நான் எத்தனை முறை ‘தேவையில்லை’ என்று எழுதியிருக்கிறேன் என்பதை ஞானம்மா சொல்லிக்காட்டவே இல்லை. அதற்காக இன்றைக்கும் அவள்மேல் எனக்குப் பிரியம்.

வெள்ளிக்கிழமை காலை சாஹேபின் அறைக்குப் போனேன். பக்கத்து அறையில் சைக்ளோஸ்டைல் இயந்திரத்துக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு ஹிந்திக்கு மாறினார். பத்து நிமிஷம் அந்த பாஷையில் என்னென்ன வசவு உண்டோ எல்லாம் கேட்டேன். நடுவில் ஒரு கேள்வி.

“இந்த விதியை யார் போட்டது?”

“நான்தான்.”

“கையெழுத்துப் போட்டது?”

“நீங்கள்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. “கடைசிப் பக்கத்தில் ஒரு பாரா சேர்த்துவிடலாம்” என்றார். “‘சில பெண்கள் காத்திருக்கும் இடத்தைப் பற்றியும் குறிப்பிட்டனர்.’ போதாதா?”

உண்மையைச் சொல்கிறேன், சரி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. யாருக்கும் மனக்கசப்பு இல்லை. என் கௌரவமும் போகாது. பொய் சொன்னதாகவும் ஆகாது. உங்களுக்கும் இப்படி ஒரு பாரா என்றைக்காவது நீட்டப்படும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கமிட்டியில் யாரும் கடைசிப் பக்கம்வரை படிக்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். முதல் வரியில் நம்பிக்கை என்று இருந்தால் ரூமுக்குப் பூட்டுதான். வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெண் கண்ணிலேயே நின்றாள்.

“போதாது சாஹேப். எல்லா நோட்டையும் திரும்பப் படிக்கணும்.”

“திங்கட்கிழமைக்குள்?”

“திங்கட்கிழமைக்குள்.”

“அப்படியானால் மூன்று பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லை” என்று சொல்லிவிட்டு அவரே எழுந்து போய் சைக்ளோஸ்டைலை நிறுத்தச் சொன்னார்.

அட்டையில் ஒரு தொல்லை உண்டு. வெட்டியதை வெட்டியதுதான், ஒட்ட முடியாது. நம்பிக்கைத் துளையை இனி ஒன்றும் செய்ய முடியாது. செய்யவும் வேண்டாம் என்று தோன்றியது, அந்தப் பெண்கள் அதையும் சொல்லியிருந்தார்கள் அல்லவா. கீழ் ஓரத்தின் மூலையில் எதற்கும் ஒதுக்காத துளை ஒன்று காலியாக இருந்தது. அதைப் பெஞ்சுக்கு என்று வைத்துக்கொண்டோம். ஞானம்மாவும் நானும் நோட்டுகளைப் பிரித்து உட்கார்ந்தோம். எங்கே தேடுவது என்று இப்போது தெரியும். நான் சிவப்பில் அடித்த அந்த வரியைக் கண்டுபிடிப்போம், டீ வந்தது, அதற்குக் கீழே படிப்போம். சாஹேபுக்குத் தமிழ் தெரியாது. அதனால் எங்களுக்கு எதிரே கத்தரிக் கருவியோடு உட்கார்ந்து, நாங்கள் தள்ளும் அட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தார். தப்பாக வெட்டி ஞானம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் எனக்குப் பெஞ்சுப் பித்துப் பிடித்துவிட்டது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பெஞ்சு தெரிந்தது. ஒரு பெண் ‘வெளிய உக்காந்தா மண்டையைப் பொளக்குது’ என்று சொல்லியிருந்தாள். அந்த அட்டையையும் வெட்டுவதற்குத் தள்ளினேன். ஞானம்மா அதை எடுத்துத் திரும்ப என் பக்கம் வைத்தாள்.

“இது வெயிலுக்கா. வெக்கம் இல்ல.”

“பெஞ்சுலதானே உட்கார்ந்திருக்கா? அதே பெஞ்சுதானே?”

“நேத்து வரைக்கும் எல்லாரையும் நம்பிக்கையில போட்டீக. இன்னைக்கு எல்லாரையும் பெஞ்சுல போடுதீக. அவ சொன்னதுல அவளைப் போடுங்க.”

சாஹேபுக்குத் தமிழ் புரியாவிட்டாலும் யார் தோற்றார்கள் என்பது புரிந்தது, சிரித்துவிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு நோட்டையும் நாங்கள் இருவரும் தனித்தனியே படித்தோம். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னால்தான் வெட்டு, இல்லாவிட்டால் அட்டை அப்படியே இருக்கும். டீ வந்த பிறகும் வழக்கம்தான் காரணம் என்று பிடிவாதமாகச் சொன்ன பெண்களும் சிலர் இருந்தார்கள். அவர்களையும் தொடவில்லை. ஒரு தப்பைத் திருத்தும்போது வருகிற வேகம் இருக்கிறதே, தப்பைச் செய்தபோது வந்த வேகமும் அதுவும் ஒன்றுதான். எனக்கு அதைத் தடுக்க ஒரு ஞானம்மா இருந்தாள்.

திங்கட்கிழமை ஒரு பிஸ்கட் டின்னில் அட்டைகளையும் கைப்பையில் ஊசியையும் எடுத்துக்கொண்டு சாஹேபோடு போனேன். கமிட்டியின் தலைவி ஒரு குஜராத்தி அம்மாள், வெள்ளைப் புடவை, நிதானமான பேச்சு. வாசலில் ஏறும்போது சாஹேப் என்னிடம் மெதுவாகச் சொன்னார். “அந்தப் பெஞ்சில் இருப்பது இந்த அம்மாளுடைய மாமியார் பெயர். ஊர் பார்க்கட்டும் என்றுதான் வெளியே போட்டிருக்கிறார்கள். பார்த்துப் பேசு.”

இதை முன்பே சொல்லியிருந்தால் இரவெல்லாம் தூங்கியிருக்க மாட்டேன். அதனால்தான் சொல்லவில்லை என்று பின்னால் சொன்னார்.

பேசினால்தானே வம்பு, காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். டின்னைத் திறந்து கட்டை அந்த அம்மாள் முன்னால் வைத்து, எந்தத் துளை எது என்று சொல்லி, ஊசியை அவர் கையிலேயே கொடுத்தேன். முதலில் நம்பிக்கைத் துளையில் செருகித் தூக்கச் சொன்னேன். பெரிய கட்டு விழுந்தது. “நான் நினைத்ததுதான்” என்றார். விழுந்த கட்டை மட்டும் எடுத்து அடுக்கி, மூலைத் துளையில் செருகச் சொன்னேன். தூக்கி உதறினார். ஏறக்குறைய எல்லாம் மறுபடியும் மேஜையில் விழுந்தன. ஊசியில் தங்கியதை இரண்டு விரலால் பிடித்துவிடலாம்.

“இந்த மூலைத் துளை என்ன?” என்று ஹிந்தியில் கேட்டார்.

“வெளியே, டீக்கடையைப் பார்த்தபடி காத்திருக்க முடியவில்லை என்று சொன்னவர்கள்.”

“ஒரே பெண்ணா இரண்டையும் சொல்லியிருக்கிறாள்? இதில் எது நிஜம்?”

“இரண்டும் நிஜம்தான் அம்மா. முதலில் சொன்னது உங்கள் மனம் நோகக்கூடாது என்று சொன்னது. பிறகு சொன்னது அவளுக்காகச் சொன்னது. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டது என் தப்பு.”

அவர் ஊசியைக் கீழே வைக்கவில்லை. சாஹேப் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெஞ்சு எது என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. அங்கே இருந்ததே ஒரு பெஞ்சுதான்.

“என் மாமியார் வாசல் பக்கம் வரும்போதே முகத்தை மூடிக்கொள்வார்” என்றார் கடைசியில். “அவர் இருந்திருந்தால் அதில் உட்கார்ந்திருக்க மாட்டார்.” பிறகு காரியதரிசியைப் பார்த்து, “பெயரை வாசலுக்கு மேலே எழுதிவிடுங்கள். பெஞ்சை உள்ளே போடுங்கள். பின்பக்கம் ஒரு கதவு இருக்கிறது இல்லையா, அதைத் திறந்து விடுங்கள்” என்றார். ரூமை மூடுவதைப் பற்றிய பேச்சே அன்றைக்கு எழவில்லை.

நாலு மாதம் பேட்டி, ஓர் அலமாரி நோட்டு, ஒரு டின் அட்டை, எல்லாம் சேர்ந்து செய்தது ஒரு பெஞ்சைப் பத்தடி நகர்த்தியதுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் இதைச் சொல்லிச் சொல்லி சாஹேப் சிரித்தார். சுனாபட்டி தாண்டியதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, “இனிமேல் ஸ்டென்ஸில் வெட்டுவதற்கு முன்னால் தமிழ்ப் பக்கம். வாசித்துக் காட்டிவிட்டு வந்தால்தான் கையெழுத்து” என்றார். அதை அவர் மாற்றவில்லை. நான் ஓய்வு பெறும்வரை நானும் மாற்றவில்லை. ஒரு சின்னத் திருத்தம் மட்டும் உண்டு. தமிழ்ப் பக்கத்தை எழுதும் வேலையை என்னிடமிருந்து பிடுங்கி ஞானம்மாவிடம் கொடுத்தோம். ‘கருதுகின்றனர்’ எல்லாம் அதோடு போயிற்று.

உங்கள் கணினியை நான் குறை சொல்ல வரவில்லை. எனக்கு அப்போது அது கிடைத்திருந்தால் முத்தம் கொடுத்திருப்பேன். பெஞ்சு என்று தட்டியிருந்தால் ஒரு நொடியில் எல்லாப் பெஞ்சும் வந்திருக்கும். ஆனால் பெஞ்சு என்று தட்ட வேண்டும் என்பதை எனக்கு மைமூன் அல்லவா சொன்னாள்? பேட்டியைத் தட்டச்சு செய்யும்போது வீணாகத் தெரிகிற வரிகளை வெட்டிவிடுவதாகச் சொன்னீர்களே, அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்கு மனசு நிலைகொள்ளவில்லை. வெட்டாதீர்கள். டீ எப்போது வந்தது என்பதாவது அதில் இருக்கட்டும்.

மைமூனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்த ரூமில், அந்த சிஸ்டர் கையில். நாற்பதாம் நாள் கழிந்ததும் ஞானம்மாவும் நானும் பார்க்கப் போனோம். ரூம் இப்போது எப்படி நடக்கிறது என்றும் கேட்டு எழுத வேண்டியிருந்தது. குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு மைமூன் எதிரே உட்கார்ந்தாள்.

“ரூமெல்லாம் எப்படி இருக்கு மைமூன்? ஏதாவது குறை இருக்கா?”

“ஒரு குறையும் இல்ல டீச்சரம்மா. அல்லா கிருபை. எல்லாம் நீங்க செஞ்ச காரியந்தான்.”

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இரண்டு நிமிஷம் அதை முழுசாக நம்பிச் சந்தோஷப்பட்டேன். நோட்டைத் திறந்து ‘குறை எதுவும் இல்லை’ என்று எழுதப் பென்சிலைக்கூட எடுத்துவிட்டேன். அப்போது அடுப்பங்கரைப் பக்கம் தம்ளர் சத்தம் கேட்டது. ஞானம்மா என்னைப் பார்த்தாள். பென்சிலைக் கீழே வைத்தேன்.

டீ வந்தது. குடித்தேன். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

“ஒண்ணே ஒண்ணுதான்” என்றாள் மைமூன். “அந்தப் பெஞ்சு இருக்குல்லா, அது ரொம்பத் தாழ்வு. வெளிய கெடந்தப்போ யாரும் உக்காரல, அதனால தெரியல. நெறமாசத்துல உக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆளு தூக்க வேண்டியிருக்கு.”

சிரித்ததில் குழந்தை பயந்து அழ ஆரம்பித்தது. அதை ஞானம்மாவிடம் கொடுத்துவிட்டு, மைமூன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டேன். டீ வந்ததையும் எழுதினேன். மறுவாரம் பெஞ்சின் நான்கு கால்களுக்கும் கீழே செங்கல் வைத்தார்கள்.